சங்கத்தின் கோப்பு யார் கைப்பேசியில் இருக்கிறது?

இயங்கலைக் கருவிகள் குறித்து ஒரு மதிப்பீடு



‘பல சான்றுகள்’. இந்த இரண்டு சொற்களில் தொடங்குகிறேன். பல, சில என்னும் சொற்களுக்குப் பின் வலிமிகாது. படிவம் ஐந்து மாணவர் அனைவருக்கும் தெரிந்த விதிதான். ஆனாலும் என் வகுப்பு மாணவி ஒருத்தி மாதிரித் தேர்வில் ‘பலச் சான்றுகள்’ என்பதைச் சரி என்று குறித்திருந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டேன். “விடைப்பட்டியில அப்படித்தான் டீச்சர் இருந்துச்சு” என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்த தாளைக் காட்டினாள். அவள் சொன்னது உண்மைதான்.

விசாரித்துப் பார்த்தேன். அந்த விடைப்பட்டி நம்மைப் போன்ற ஆசிரியர்கள் சேர்ந்து தயாரித்தது. தட்டச்சில் நேர்ந்த பிழை. மூன்றாம் நாளே ஒருவர் கவனித்துத் திருத்திய கோப்பைக் குழுவில் போட்டிருக்கிறார். அதற்குள் முதல் கோப்பு பல பள்ளிக் குழுக்களைத் தாண்டி, அச்சாகி, பிள்ளைகளின் நோட்டுக்குள் ஒட்டப்பட்டுவிட்டது. திருத்திய கோப்பு அந்தக் குழுவிலேயே, வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் கிடந்தது.

இதில் யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. எல்லாரும் நல்ல மனத்தோடு, சம்பளமில்லாமல் செய்த வேலை. அப்படியிருந்தும் பிழைதான் மாணவரிடம் போய்ச் சேர்ந்தது. எனவே நாம் பயன்படுத்தும் கருவிகளையும், அவற்றைப் பயன்படுத்தும் விதத்தையும் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சங்கம் நவீனமாக வேண்டும் என்று பேச்சு வந்தால், ‘எந்தச் செயலி நல்லது?’ என்றுதான் ஆரம்பிக்கிறோம். நான் நான்கு கேள்விகளை முன்வைக்கிறேன். ஒன்று, கோப்பு சங்கத்துக்குச் சொந்தமா, தனி ஆளுக்கா? இரண்டு, ஐந்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்குமா? மூன்று, திருத்தினால் திருத்தம் எல்லாரிடமும் போய்ச் சேருமா? நான்கு, அந்தக் கருவி தமிழையும் தமிழர் பெயரையும் ஒழுங்காகக் கையாளுமா? இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புலனமும் மற்றக் குழுக்களும்

புலனத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பெரும்பாலான தமிழாசிரியர்களை ஒன்றாக வைத்திருந்தது புலனக் குழுதான். விலை குறைந்த கைப்பேசியிலும் அது ஓடும். இணைய வேகம் குறைந்த இடத்திலும் ஒரு பிடிஎஃப் வந்து சேரும். ஓய்வு பெற்ற ஆசிரியர் முதல் பயிற்சி ஆசிரியர் வரை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். 2022 நவம்பரில் அறிமுகமான ‘சமூகம்’ வசதியில் பல குழுக்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து, அறிவிப்புக்கென்று தனி இடமும் வைக்கலாம்.

ஆனால் நம் நான்கு கேள்விகளை வைத்தால் புலனம் தேறவில்லை. கோப்பு அவரவர் கைப்பேசியில் இருக்கிறது. கைப்பேசி தொலைந்தால், எண் மாறினால், கோப்பும் போயிற்று. இன்று சேர்ந்த இளம் ஆசிரியருக்கு மூன்று ஆண்டுக்கு முன் பகிர்ந்த பயிற்றி கிடைக்காது. ‘யாராவது அனுப்புங்களேன்’ என்று கேட்க வேண்டும். கேட்கிறார்கள், வாரம் ஒருவர் கேட்கிறார். தவறான பதிவை எல்லாரிடமிருந்தும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். மூன்றாம் நாள் பிழையைக் கண்டுபிடித்தால் அவ்வளவுதான். அவகாசத்துக்குள் அழித்தாலும், அதற்குள் வேறு குழுவுக்குப் போன நகலை ஒன்றும் செய்ய முடியாது. செய்தி சொல்ல, விசாரிக்க, இரங்கல் தெரிவிக்கப் புலனம் போதும். சேமித்து வைக்கும் இடமாக அதை நினைத்ததுதான் நம் தவறு.

டெலிகிராம் இந்த இடத்தில் ஒரு படி மேல். பழைய பதிவுகளைப் புதியவரும் பார்க்கலாம். 2 ஜிபி வரையிலான கோப்பைப் போடலாம். அலைவரிசையில் போட்ட பதிவை நிர்வாகி பிறகும் திருத்தலாம். ஆனால் நம் மூத்த உறுப்பினர் பலர் அங்கே வருவதில்லை. பாதிச் சங்கம் ஒரு செயலியிலும் மறுபாதி இன்னொன்றிலும் இருந்தால், இரண்டு சங்கம் நடத்துகிற கதைதான். முகநூல் குழு விழாப் படங்களுக்கு நல்லது. அங்கே எதை முதலில் காட்டுவது என்பதை முகநூல் முடிவு செய்கிறது, நாம் முடிவு செய்வதில்லை. வினாத்தாள் வைக்க ஏற்ற இடமன்று.

படிவமும் பெயரும்

உறுப்பினர் பதிவு, பட்டறைப் பதிவு, கருத்தறிதல் எல்லாவற்றுக்கும் இப்போது கூகுள் படிவம். இலவசம், எளிது, விடைகள் தானாக அட்டவணையில் விழும். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள்.

முதல் ஓட்டை, அடையாள அட்டை எண். ஒரு மணி நேர இயங்கலைப் பட்டறைக்குக் கூட முழு எண்ணைக் கேட்கிறோம். எதற்கு என்று கேட்டால், ‘எப்போதும் கேட்பதுதானே’ என்பார்கள். நம் அடையாள அட்டையின் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் ஆணா பெண்ணா என்பது தெரியும். இதோடு கைப்பேசி எண்ணும் பள்ளி முகவரியும் சேர்ந்தால், ஏமாற்றுக்காரனுக்கு ஒரு மனிதரின் முழு விவரமும் கிடைத்த மாதிரி. போதாக்குறைக்கு, விடைகளின் சுருக்கத்தைப் பதில் அளித்தவர்களுக்கும் காட்டும் அமைப்பு திறந்திருந்தால், பின்னால் வருகிறவர் முன்னால் வந்தவர்களின் விவரத்தைப் பார்க்க முடியும். அட்டவணையை ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்று வைத்துவிட்டால் அதைவிட மோசம்.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை ஒட்டியது, அது சங்கத்துக்குப் பொருந்துமா என்று சிலர் வாதிடலாம். வாதம் இருக்கட்டும். உறுப்பினர் நம்மை நம்பித் தருகிற விவரம் அது. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தேவைக்கு மேல் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

இரண்டாவது ஓட்டை, பெயர். வெளிநாட்டில் செய்த உறுப்பியம் மென்பொருள் பெரும்பாலும் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். இரண்டையும் நிரப்பாமல் விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவார். இன்னொருவர் ‘ஏ/எல்’ என்பதையே போடுவார். மூன்றாமவர் தன் பெயரையே இரண்டாக உடைத்துப் போடுவார். பிறகு சான்றிதழ் அச்சிடும்போது அப்பாவுக்குச் சான்றிதழ் போகும். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பணி மேம்பாட்டுக் கோப்பில் வைக்க வேண்டிய சான்றிதழில் பெயர் தவறாக இருந்தால் யாரும் சிரிப்பதில்லை.

ரோமன் எழுத்தில் ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்படுவதும் உண்டு. ஒரே உறுப்பினர் பட்டியலில் இரண்டு பேராக நிற்பார். சந்தா ஒருவர் பெயரில், வருகை இன்னொருவர் பெயரில். தமிழிலேயே எழுதினாலும் அகரவரிசையில் கவனம் வேண்டும். சில நிரல்கள் யூனிகோடு எண் வரிசையிலேயே அடுக்கும். அந்த வரிசையில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும் நிற்கும். நாம் வகுப்பில் கற்பிக்கும் நெடுங்கணக்கு வரிசை அதுவன்று. தீர்வு எளிது. பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். தமிழில் ஒன்று, அடையாள அட்டையில் உள்ளபடி ஒன்று. ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாறாத உறுப்பினர் எண் ஒன்றைக் கொடுத்து, எல்லாவற்றையும் அந்த எண்ணால் இணையுங்கள்.

கட்டணம் வாங்கும் உறுப்பியம் மென்பொருளைப் பற்றி அடிக்கடி பேச்சு வருகிறது. சந்தா நினைவூட்டல், ரசீது, நிகழ்ச்சிப் பதிவு எல்லாம் ஒரே இடத்தில் செய்யும். ஆனால் பலவற்றுக்கு உறுப்பினர் எண்ணிக்கைப்படி டாலரில் மாதக் கட்டணம். நம் ஆண்டுச் சந்தாவை ரிங்கிட்டில் வாங்கி அதில் டாலர் கட்டணம் கட்ட வேண்டும். சில நூறு உறுப்பினர் உள்ள சங்கத்துக்கு ‘டூயிட்நவ் கியூஆர்’, ஓர் ஒழுங்கான அட்டவணை, பொறுமையான பொருளாளர் ஒருவர் போதும் என்பது என் கருத்து. பணம் செலுத்திய படத்தை எல்லாரும் பார்க்கும் குழுவில் போடச் சொல்லாதீர்கள். பொருளாளருக்குத் தனியே அனுப்பினால் போதும்.

மேகத்தில் வைத்தால் பத்திரமா?

‘எல்லாம் டிரைவ்ல இருக்கு’ என்று நிம்மதியாகச் சொல்கிறோம். யாருடைய டிரைவ்?

பெரும்பாலும் முன்னாள் செயலாளர் ஒருவரின் சொந்தக் கணக்கு. இலவசக் கணக்கில் 15 ஜிபி. அதிலேயே அவர் மின்னஞ்சலும் குடும்பப் படங்களும் இருக்கும். நிறைந்துவிட்டால் எதையாவது அழிக்க வேண்டும். பேரப்பிள்ளையின் படமா, 2014ஆம் ஆண்டுச் சிறுகதைப் பயிற்றியா என்று வந்தால், எது போகும் என்று சொல்லவா வேண்டும்? இன்னொன்றும் உண்டு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனியார் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கியது. சங்கத்துக்கென்று ஆர்வத்தோடு திறந்து, பிறகு கடவுச்சொல் மறந்து கைவிட்ட கணக்குகள் எத்தனை? பணிக்காகத் தரப்பட்ட கணக்கில் வைப்பதும் ஆபத்து. பணி முடிந்தால் அந்தக் கணக்கும் முடியும்.

கருவியில் குறை அதிகமில்லை. சொல்லப்போனால் நம் விடைப்பட்டிச் சிக்கலுக்கு டிரைவில் நல்ல வழி இருக்கிறது. பிடிஎஃப்பை அப்படியே அனுப்பாமல் இணைப்பை அனுப்பினால், திருத்திய கோப்பைப் புதிய பதிப்பாக அதே இடத்தில் ஏற்றலாம். இணைப்பு மாறாது. பழைய இணைப்பைத் தொடுகிறவருக்கும் திருத்தியதுதான் கிடைக்கும். ‘பல சான்றுகள்’ விஷயத்தில் இதைச் செய்திருந்தால், நான்காம் நாள் திறந்த ஆசிரியராவது சரியான விடையை அச்சடித்திருப்பார். முதல் மூன்று நாளில் அச்சடித்தவரைக் காப்பாற்ற முடியாது. அதற்குத்தான் முதல் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் வேண்டும்.

ஆகவே கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். அதன் பொறுப்பு செயலவையில் மூவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்குக் கூகுளும் மைக்ரோசாஃப்டும் தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. தகுதி விதிகளைச் செயலவை படித்துப் பார்க்கட்டும். நிர்வாகம் மாறும்போது காசோலைப் புத்தகத்தை ஒப்படைப்பது போல, கடவுச்சொல்லையும் ஒப்படைத்து அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும்.

பெட்டி பெட்டியாய் எழுத்து

சென்ற மாதம் ஒரு மூத்த ஆசிரியர் ஐயா, பழைய விரலியில் இருந்த இலக்கியப் பயிற்சிகளை அன்போடு கொடுத்தார். பல ஆண்டு உழைப்பு. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பை. அக்காலத்து எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு என் கணினியில் இல்லை. பிடிஎஃப் ஆக இருந்த சில கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தன. ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேடினால் வரவில்லை. நகலெடுத்து ஒட்டினால் மறுபடியும் குப்பை.

இந்தச் சிக்கலைத் தீர்த்த உழைப்பில் நம் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றும் பணியில் முன்னோடியாக இருந்தார். 1997இல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 2000இல் உத்தமம் அமைப்பு உருவானது. 2001இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. இன்று எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் தெரிகிறது என்றால், யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டுக்கு நாம் மாறியதால்தான். மாறாமல் நின்றவை, நம் அலமாரியிலும் விரலியிலும் உறங்கும் பழைய கோப்புகள்.

மதுரை மின்தொகுப்புத் திட்டத்தை இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது, முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள். அவர்களும் முதலில் பழைய குறியீட்டில்தான் செய்தார்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. எளிய கோப்பு வடிவம், யார் எதைச் செய்தார் என்ற குறிப்பு, காலம் மாறும்போது தாமும் மாற்றும் பொறுமை, இவ்வளவுதான். ஒரு தன்னார்வக் குழுவால் முடிந்தது, பதிவு பெற்ற சங்கத்தால் முடியாதா?

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தாளாக மட்டும் இருப்பவற்றைப் படமெடுத்து, டிரைவில் ஏற்றி, கூகுள் ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்துகளைப் படித்துக் கொடுக்கும். துணைக்காலும் ‘ர’வும் மாறும், ஒற்றுப்புள்ளி விடுபடும், கட்டாயம் பிழை பார்க்க வேண்டும். அந்தப் பிழைதிருத்தலைப் படிவம் நான்கு, ஐந்து மாணவர்க்கே பயிற்சியாகக் கொடுக்கலாம்.

கூட்டமும் செயற்கை நுண்ணறிவும்

இவ்விரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இயங்கலைக் கூட்டத்தால் தூரத்து மாநில உறுப்பினரும் பங்கேற்க முடிகிறது. நல்லது. ஆனால் இலவச ‘ஸூம்’ 40 நிமிடத்தில் அறுந்துவிடும். வரவேற்புரை முடிவதற்கே அது சரியாக இருக்கும். கணக்கறிக்கையின் மேல் கேள்வி கேட்க ஒருவர் கை தூக்கினால், ஒலியைத் திறந்துவிட ஆள் வேண்டும். முடிவுகளைக் கட்டைவிரல் படத்தால் நிறைவேற்றாதீர்கள். வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்தி எண்ணிக்கையைக் குறிப்பில் எழுதுங்கள். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையை இரோசஸ் வழி அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்போது இந்த ஒழுங்கு கைகொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவு இப்போது நிமிடத்தில் இருபது வினா தயாரிக்கிறது. வாசிப்புப் பகுதிக்குக் கருத்துணர் வினா கேட்டால் ஓரளவு தேறும். வலிமிகும் இடம், புணர்ச்சி என்று போனால், தவறையும் தயங்காமல் சொல்லும். ‘பலச் சான்றுகள்’ சரி என்று அது சொன்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சங்கத்தின் தொகுப்பில் சேர்க்கும் முன் ஓர் ஆசிரியர் படித்துத் தம் பெயரை இட வேண்டும். பெயரிட ஆளில்லாத தாளைச் சேர்க்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

செயலவைக்கு என் பரிந்துரைகள் இவை. சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு சேமிப்பிடம். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, படிவம், தாள், பதிப்பு. எல்லாம் யூனிகோடு, பிடிஎஃப்போடு திருத்தக்கூடிய மூலக் கோப்பும். புலனத்தில் கோப்புக்குப் பதிலாக இணைப்பு. திருத்தம் வந்தால் ‘திருத்தப்பட்டது’ என்று தேதியோடு முதல் பக்கத்தில், என்ன மாறியது என்ற ஒரு வரியோடு. ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் கணக்கறிக்கைக்கு அடுத்துக் கோப்பறிக்கை: என்ன சேர்ந்தது, எது மாற்றப்பட்டது, பொறுப்பு யாரிடம்.

இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்காரும் இரண்டு பேர் தேவை. அப்படி உட்காருபவர்க்கு மேடையில் மாலை விழாது என்பதால்தான் இந்த வேலை நடக்காமல் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் விழாவுக்குக் குழு அமைக்கிறோம், விருந்துக்குக் குழு அமைக்கிறோம். கோப்புக்கும் ஒரு குழு அமைக்கலாமே.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கைக்கு வந்த விடைப்பட்டியை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் பக்கத்தைப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் இருக்கிறதா? தேதி இருக்கிறதா? இல்லையென்றால் இலக்கண விதியோடும் பாடநூலோடும் ஒப்பிடுங்கள். மாறுபட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். ‘தாள்ல இருந்துச்சு’ என்பது தேர்வு மண்டபத்தில் காரணமாகாது.

என் மாணவிக்கு அன்று ஒரு மதிப்பெண் போயிற்று. மாதிரித் தேர்வுதான், பரவாயில்லை. ஒட்டிய தாளில் சிவப்பு மையால் ஒற்றை அடித்துக் கொடுத்தேன். அதே தாள் வேறு எத்தனை நோட்டுகளில் திருத்தாமல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்த வார இறுதியில் உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள், ஆசிரியர்களே. சங்கத்துக்குரிய கோப்பு எதுவும் உங்களிடம் மட்டும் இருந்தால், அடுத்த கைப்பேசி வாங்கும் முன் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள்.